டவுன் நாக்கு

எங்கள் குப்பத்தில் கஞ்சிக்கு உப்புப் போட மாட்டார்கள். தண்ணீரிலேயே அது இருந்தது. பழவேற்காடு ஏரிக்கரை மணலை முழங்கை ஆழத்துக்குக் கையால் பறித்தால் ஊற்று சுரக்கும். கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவோம். பிறந்தது முதல் அதையே குடித்ததால் அது உப்புத் தண்ணீர் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. நல்ல மழை பெய்து ஊற்று தெளிந்த நாட்களில், தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று பெண்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பொன்னேரி போய் அரசாங்க விடுதியில் சேர்ந்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. முதல் வேளைச் சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. உப்பே இல்லையே என்று பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் குழம்பைத் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, சரியாகத்தானே இருக்கிறது, நீ எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னதும் தட்டோடு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். நான் வாயைத் திறந்து பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். மூன்று மாதத்தில் என் நாக்கு மாறிவிட்டது. காலாண்டு விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும் வரை அது மாறியது எனக்கே தெரியாது.

அந்த விடுமுறைக்கு முன்னால் அம்மாவின் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நைனா செத்தபோது எனக்குப் பத்து வயது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டலாம் என்று ஊர் ஆண்கள் கூடிச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். ஆண்பிள்ளை இருக்கும் வீட்டுக்குத்தான் பாடு. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான். காரியம் முடிந்த மறு வாரமே நைனாவின் பங்கை அவர் தம்பிக்குக் கொடுத்தார்கள். பெண்கள் போகக்கூடாத அந்தக் கூட்டத்துக்கு அம்மா போய் நின்றாள். சித்தப்பா எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "இன்னா அண்ணி, வலையைப் பொடவை மாதிரி சுத்திக்கினு தண்ணியில எறங்கப் போறியா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அம்மா வீட்டுக்கு வந்து நைனாவின் வலையைத் துண்டு துண்டாக அறுத்து அடுப்பில் போட்டாள். நைலான் வலை. ஊரெல்லாம் நாறியது. மறுநாள் சித்தப்பா வலையைக் கேட்டு வந்தபோது அடுப்புச் சாம்பலை அள்ளி அவர் கையில் கொடுத்தாள்.

அப்படிப்பட்டவளுக்கு நிலம் வந்தது. எழுபதுகளின் நடுவில், நிலமில்லாதவர்களுக்கு என்று ஏரிக்கரைப் புறம்போக்கைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒரு ஏக்கர் பட்டா கொடுத்தார்கள். விதவை என்பதால் அம்மாவுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. மூன்று வருஷத்துக்குள் பயிர் விளைவித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டா ரத்து என்றார்கள். மற்றவர்கள் தங்கள் துண்டில் கருவாடு காயப்போட்டார்கள். கோடையில் தரை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் நிலம் அது. காலில் ஒட்டியதைத் தட்டினால் உப்பு உதிரும். அம்மாவுக்கு ஏரி இல்லை என்று ஆகிவிட்டது. இந்தத் தரை மட்டும்தான் அவள் பெயரில் இருந்தது. அவள் அதில் நெல் விதைத்தாள். முதல் வருஷம் விதைத்தது அத்தனையும் விரல் உயரம் வளர்ந்து கருகியது.

இரண்டாம் வருஷம் விவசாய ஆபீசில் இருந்து கிராம சேவக் ஒருவர் சைக்கிளில் வந்தார். ஒல்லியானவர். கரையோர நிலத்தை உப்பில் இருந்து மீட்க அரசாங்கத்தில் புதுத் திட்டம் வந்திருக்கிறது என்றார். நிலத்தைச் சுற்றி இடுப்பளவு வரப்புப் போட வேண்டும். மழைத் தண்ணீரை உள்ளே தேக்கி மூன்று நாள் நிறுத்தி, பிறகு மடையை வெட்டி ஏரிப் பக்கம் வடிய விட வேண்டும். உப்பு கரைந்து அதோடு போகும். மறு மழைக்கு மறுபடி தேக்க வேண்டும். பிறகு தழை உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ விடும் சமயத்தில் மடக்கி உழ வேண்டும். உப்பைத் தாங்கும் விதைநெல் ஆபீசில் இருந்து வரும். மூலையில் ஒரு குட்டை வெட்டி மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்தால், மழை நின்ற பிறகும் பயிரைக் காப்பாற்றலாம். பட்டாக்காரர்கள் எல்லாரிடமும் அவர் இதைச் சொன்னார். அம்மா ஒருத்திதான் கேட்டாள்.

வரப்பை அம்மாவும் நானும்தான் போட்டோம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மண் சுமப்பேன். கூடையைச் சாய்த்துவிட்டால் அம்மா மண்வெட்டிக் காம்பால் முழங்காலில் ஒன்று போடுவாள். மழையைத் தேக்கி, மடையை வெட்டி விட்டபோது சித்தப்பாவின் மனைவி கரையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள். "ஊரெல்லாம் மீனைப் புடிச்சிக் கழுவுது. எங்க அக்கா மழையைப் புடிச்சித் தரையைக் கழுவுறா." அந்தப் பேச்சு ஊரில் ரொம்ப நாள் ஓடியது. அம்மா நடந்து போனால், அக்கா தரையைக் கழுவியாச்சா என்று கேட்பார்கள்.

உழுவதற்குத் திருப்பாலைவனத்தில் இருந்து ஒருவர் மாடு ஓட்டிக்கொண்டு வந்தார். மத்தியானம் தாகம் என்றார். அம்மா சொம்பைக் கழுவி நிறையத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு, "இன்னாம்மா, கடலை மொண்டாந்து குடுக்குறே?" என்றார். அவர் நிஜத்தைச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. அம்மாவுக்கு அது வேறு மாதிரி விழுந்தது. மீன்காரி கையால் குடிக்க மனசு இல்லாமல் தண்ணீர்மேல் பழி போடுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். அவர் போன பிறகு அந்தச் சொம்பைத் தரையில் அடித்து நசுக்கினாள். அதற்குப் பிறகு யாராவது எங்கள் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாலும் அவளுக்குத் தலைக்கு ஏறிவிடும்.

அந்த வருஷம் கொஞ்சம் நெல் வந்தது, அதையும் கொக்கும் வாத்தும் மிதித்து அழித்தன. கிராம சேவக், தரை மாறிவிட்டது, அடுத்த போகம் நிச்சயம் என்றார். அடுத்தது மூன்றாம் வருஷம், கடைசி வருஷம். அந்த ஜூனில்தான் நான் விடுதிக்குப் போனேன்.

காலாண்டு விடுமுறைக்கு வந்த அன்று வெயிலில் நடந்து வந்த களைப்பில் குடத்தில் இருந்து மொண்டு மடமடவென்று குடித்தேன். இரண்டாவது வாயிலேயே குமட்டியது. துப்பிவிட்டேன். சித்தியும் இன்னும் இரண்டு பெண்களும் வீட்டில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். "தண்ணி கரிக்குது" என்று சொல்லிவிட்டேன்.

சித்தி கையில் இருந்த இறாலைக் கீழே வைத்தாள். "அக்கா, உம் பொண்ணுக்கு டவுன் நாக்கு மொளைச்சிட்டுது."

அம்மா எழுந்து வந்து குடத்தை அப்படியே தூக்கி என் தலையில் கவிழ்த்தாள். "உங்க நைனா இதைக் குடிச்சிட்டுத்தான்டி உன்னைப் பெத்தாரு." மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அம்மாவை எப்போதும் கேலி செய்கிறவர்கள், அன்று முதல் தடவையாக அவளோடு சேர்ந்து சிரித்தார்கள். அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் மறுநாளும் செய்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொல்வாள். "எங்க, சொல்லு. கரிக்குதா, தித்திப்பா கீதா?" முதல் நாள், கரிக்கிறது என்று சொன்னேன். இரண்டாவது டம்ளர் வந்தது. மறுபடி சொன்னேன். மூன்றாவது வந்தது. வாந்தி எடுத்தேன். அடுத்த நாள், "தித்திப்பா கீது" என்றேன். வந்தவர்கள் கைதட்டினார்கள். விடுமுறை முடிகிற வரைக்கும் அது ஒரு விளையாட்டாகவே நடந்தது. தெருப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கையைக் குவித்து ஏரித் தண்ணீரை நீட்டி, "டவுன் நாக்கு, தித்திப்பா கீதா?" என்பார்கள். கூச்சம் உள்ளவர்களுக்கு எந்தப் பதில் சீக்கிரம் விடுவிக்குமோ அது மனப்பாடம் ஆகிவிடும். எனக்கும் ஆகிவிட்டது.

பகலில் அவளோடு நாற்று நட்டேன். சேற்றில் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நின்றோம்.

போகி அன்று திரும்ப ஊருக்கு வந்தேன். மழை கார்த்திகையிலேயே நின்றுபோயிருந்தது. ஆனாலும் பயிர் நின்றது. சுற்றிலும் வெள்ளைத் தரை, நடுவில் எங்கள் ஒரு ஏக்கர் மட்டும் பச்சை. கேலி பேசினவர்கள் கரை வழியாகப் போகும்போது நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தப்பாகூட வந்து வரப்பின் மேல் நடந்து பார்த்தாராம். கதிர் வெளியே வந்து பால் பிடிக்கும் பருவம். இன்னும் நாலு வாரம் தண்ணீர் காட்டினால் போதும். ஆபீசில் இருந்து வந்து பார்த்துவிட்டால் நிலம் அவள் பெயரிலேயே நின்றுவிடும்.

தண்ணீர் குட்டையில் மட்டும்தான் இருந்தது. கிராம சேவக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். மழைத் தண்ணீர் மேலாக மிதக்கிறது, அடியில் உப்பு இருக்கிறது, இறைக்க இறைக்க அடித் தண்ணீர் மேலே ஏறும். தினமும் காலையில் இறைப்பதற்கு முன் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். கரித்தால் அன்றோடு நிறுத்திவிட வேண்டும். பயிர் வாடினால் பாதியாவது தேறும், பூவும் பாலுமாக இருக்கும்போது உப்பு ஏறினால் ஒன்றும் தேறாது.

பொங்கலுக்கு மறுநாள் காலையில் இரண்டு பேரும் இறைகூடையை எடுத்துக்கொண்டு போனோம். அம்மா குட்டையில் இறங்கிக் கையால் அள்ளி வாயில் வைத்தாள். கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி அள்ளினாள். ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். வாய்க்காலில் முந்தின நாள் தண்ணீர் காய்ந்த இடத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அதைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

கரையில் வேறு யாரும் இல்லை. அவள் குரலில் கேலி இல்லை. "எனக்குத் தெரியலடி. உனக்குத் தெரியும். சொல்லு, கரிக்குதா?"

கை நிறைய அள்ளிக் குடித்தேன். கரித்தது. ஈறெல்லாம் அரித்தது. வீட்டு ஊற்றை விட மோசம். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் முழுங்கினேன்.

"தித்திப்பா கீது" என்றேன்.

பயத்தில் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய் இல்லை. கரிக்கிறது என்று சொன்னால் தலையில் எதையாவது கவிழ்ப்பாள் என்று உடம்பு எதிர்பார்த்தது. ஆனால் அந்தத் தண்ணீரை முழுங்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை நாள் என்னை எதைச் சொல்ல வைத்தாயோ அதையே சொல்கிறேன், வாங்கிக்கொள் என்று இருந்தது. பதினாலு வயது. நெல் கருகினால் என்ன ஆகும் என்று தெரியாத வயது இல்லை அது.

அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப சரி" என்றாள். கூடையின் ஒரு பக்கக் கயிற்றை அவள் பிடித்தாள், மறுபக்கம் நான். என் விடுமுறை முடியும் வரை மூன்று நாள் இறைத்தோம். ஒவ்வொரு காலையும் அவள் கேட்டாள், நான் அதையே சொன்னேன். குட்டை இறங்க இறங்கக் கரிப்பு ஏறியது. தெரிந்தே நானும் தூக்கி ஊற்றினேன். மூன்றாம் நாள் சாயந்திரம், "நீ இருந்தது நல்லதாப் போச்சு" என்றாள். என் அம்மா என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான்.

மாசி மாதம், கூடை மீன் விற்கும் பெண் ஒருத்தி விடுதி வாசலில் வந்து, சனிக்கிழமை ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள், அம்மா வரச் சொன்னாள் என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. போய்ப் பார்த்தேன். பயிர் நின்றுகொண்டுதான் இருந்தது. இலை நுனியில் இருந்து பாதி வரைக்கும் சுருண்டு காய்ந்திருந்தது. கதிர்கள் எல்லாம் வெள்ளையாக, நிமிர்ந்து நின்றன. நெல் உள்ளே இருந்தால் கதிர் தலை குனியும். இது ஒன்றுகூடக் குனியவில்லை.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் குடையோடு வந்திருந்தார். கூடவே கிராம சேவக். வேடிக்கை பார்க்கப் பாதி ஊர். இன்ஸ்பெக்டர் ஒரு கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதினார். கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இன்னொரு மூலையில் போய் அதேபோல் ஊதினார். அம்மா பின்னாலேயே ஓடி, வரப்பைக் காட்டினாள், மடையைக் காட்டினாள், இடுப்பளவு மண் போட்டதைக் காட்டினாள். கிராம சேவக்கும் அவளுக்காகப் பேசினார். இரண்டு வருஷ உழைப்பு, இன்னும் ஒரு போகம் அவகாசம் கொடுக்கலாம் என்றார். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. "வெளைஞ்சிருக்கா, வெளையலையா? ஃபாரத்துல இந்த ரெண்டு கட்டம்தான் சார் இருக்கு. ஒழைச்சாங்களான்னு கட்டம் இல்ல" என்றார். மீன் பிடிக்கிற ஜனங்களுக்கு நெல் எதற்கு என்றும் சிரித்துக்கொண்டே கேட்டார். ஊர்க்காரர்கள் அதற்கும் சிரித்தார்கள், தங்களைத்தான் சொல்கிறார் என்று தெரிந்தும்.

கிராம சேவக் அம்மாவைத் தனியாகக் கேட்டார். தண்ணியை வாயில வெச்சிப் பார்த்தீங்களா, இல்லையா.

"பார்த்தேன் சார். என் நாக்குக்கு ஒண்ணும் தெரியல. இவளைக் கேட்டேன். இவ பொன்னேரித் தண்ணி குடிக்கிறவ." அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "தித்திப்பா கீதுன்னா சார். மூணு நாளும் கேட்டேன், மூணு நாளும் சொன்னா."

தன் பக்கம் சாட்சி இருக்கிறது என்ற நம்பிக்கையில் சொன்னாள். அவர் குட்டையில் இறங்கி, அடியில் மிஞ்சியிருந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். மேலே வந்து, எந்த விடுதி என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

"அந்தக் கெணத்துத் தண்ணிய நானும் குடிச்சிருக்கேன்" என்றார். "உனக்கு இது தெரியாம இருக்க முடியாதேம்மா."

அவர் திட்டவில்லை. புரியாமல்தான் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு எடுத்துவிட்டாள்.

சித்தப்பாவுக்கு முதலில் புரிந்தது. "அண்ணி நாக்கு ஊருக்கே தெரியும். பொண்ணு நாக்கு இப்பத்தான் தெரியுது" என்றார். யாரோ பின்னால் இருந்து, டவுன் நாக்கு என்று கத்தினார்கள்.

அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. ஏன் சொன்னாய் என்று கேட்கவும் இல்லை. அன்று மத்தியானம் சோறு போட்டாள். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். குடத்துத் தண்ணீர் இல்லை, குட்டையில் இருந்து எடுத்து வந்தது. கலங்கலாக இருந்தது. நான் குடித்து முடிக்கும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்த டம்ளர் இருந்தது. குட்டை வற்றிய கோடையில் ஏரியில் இருந்து எடுத்து வந்து வைத்தாள். பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் குடித்தேன்.

பட்டா ரத்து என்று காகிதம் வந்தது. அம்மா ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்களோடு சேர்ந்துகொண்டாள். முன்பு தாழ்ந்தவர்கள் என்று அவர்களை வீட்டுக்குள் விடாதவள். அவர்களும் அவளைத் தங்கள் வரிசையின் கடைசியில், ஏற்கெனவே தடவி முடித்த இடத்தில்தான் நிற்க விட்டார்கள்.

எண்பதுகளில் ஆபீசில் இருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். இப்போது உப்புத் தண்ணீர்தான் நல்லது, இறால் வளர்க்கலாம், நெல்லை விடப் பல மடங்கு என்றார்கள். கரையோரத் துண்டுகளை எல்லாம் வெளியூர்க்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அவருக்கு வேலை மிச்சம். அம்மா போட்ட வரப்பு அப்படியே இருந்தது, அதை உயர்த்தி மோட்டார் வைத்து ஏரித் தண்ணீரை உள்ளே விட்டார். மழையைத் தேக்கிக் கழுவி வெளியேற்றிய உப்பு எல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்தது. அம்மா அங்கே கூலிக்குப் போனாள். தன் வரப்பின் மேல் நடந்து இறாலுக்குத் தீனி போட்டாள். சித்தி அதைப் பற்றியும் ஏதோ சொன்னாளாம். எனக்கு அது ஞாபகம் இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆகிப் பொன்னேரியில் இருந்தேன். கால் வீங்கி நடக்க முடியாமல் போன பிறகு அம்மாவை என் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வந்த அன்று தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள்ளே பார்த்தாள்.

"இன்னாடி இது, சப்புனு கீது."

சமையலறையில் இருந்து உப்பு ஜாடியைக் கொண்டுவரச் சொன்னாள். ஒரு கை கல் உப்பை எடுத்து டம்ளரில் போட்டு விரலால் கலக்கினாள். நன்றாகக் கரையும் வரை கலக்கினாள். அவள் குடிக்கவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"குடிச்சிப் பாத்து சொல்லு."

என் மாமியார் அறையில் இருந்தார். என் மகள் இருந்தாள். வாங்கிக் குடித்தேன். தொண்டை எரிந்தது.

"கரிக்குதும்மா" என்றேன்.

அம்மா டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மிச்சம் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்றே" என்றாள்.